கரை உடைந்த மறுநாள்: பொறுப்பு யாருக்கு, வேலை எங்கிருந்து

புயல் கடந்துவிட்டது. காற்று தணிந்து வானம் வெளுத்திருக்கிறது. ஆனால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நின்ற மண்கரையில் இருபது மீட்டரைக் காணவில்லை. அந்த இடைவெளியின் ஓரத்தில் கூடி நிற்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இதை யார் கட்டித் தருவார்கள்?

இதற்குப் பதில் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கடல் அவ்வளவு அவகாசம் தராது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்மட்டம், மற்ற நாள்களைவிட உயரமாக ஏறும். இரண்டுக்கும் இடையே முழுதாகப் பதினைந்து நாள்கூடக் கிடையாது. புயல் எந்த நாளில் அடித்திருந்தாலும் அடுத்த பெரிய ஓதம் இரண்டு வாரத்துக்குள் அதே உடைப்பின் வழியாக உள்ளே வரும். எனவே உள்ளூர் மட்டத்தில் பொறுப்பு என்றால் முதலில் ஒரு தேதிதான். நாள்காட்டியில் அந்த ஓதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் எது நடந்தே ஆக வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்று பிரிப்பதில்தான் வேலை தொடங்குகிறது.

பாதுகாப்பு என்பது ஒரு சுவர் மட்டுமில்லை

கடற்கரை வெள்ளத் தடுப்பு என்றதும் கான்கிரீட் சுவர்தான் கண்முன் வரும். நடைமுறையில் அது ஒரு சங்கிலி. கடலிலிருந்து பார்த்தால் முதலில் மணல் திட்டு. அது அலையின் வேகத்தை உடைக்கிறது. அடுத்து பாறைக்கல் அடுக்கு அல்லது கடல் சுவர். அதன் பின்னால் மண்கரை. கரைக்கு அடியில் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகும் குழாய். குழாயின் வாயில் கடல்நீர் திரும்பி ஏறாதபடி தடுக்கும் ஒருவழிக் கதவு. படகு ஏற்றவும் மக்கள் நடக்கவும் கரையில் விட்ட இடைவெளிகள், அவற்றை மூடப் பலகைகள். உள்ளே வடிகாலும் பம்பும்.

இதில் மணல் திட்டு ஒருவர் பேரில் இருக்கும். சுவர் இன்னொருவர் கட்டியது. மண்கரை வேறொரு துறையின் கணக்கில். குழாய் நகராட்சியுடையது. சாலையோ ரயில் பாதையோ கரைமேல் ஓடினால் அதற்குத் தனி உரிமையாளர். கடலுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. சங்கிலியில் எந்தக் கண்ணி இளைத்திருக்கிறதோ அதை அறுத்துக்கொண்டு உள்ளே வரும்.

புயல் மூன்று விதமாக வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று கடல்நீரை மொத்தமாகக் கரைப்பக்கம் தள்ளுகிறது. காற்றழுத்தம் குறைவதால் நீர்மட்டம் தானாகவும் எழும்புகிறது: அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதற்கு மேல் அலை. இந்த எழுச்சி வழக்கமான ஓதம் ஏறும் நேரத்தோடு சேர்ந்துகொண்டால், பல ஆண்டுகள் தாங்கிய கரையும் ஒரே இரவில் போய்விடும்.

நான்கு இழைகள்

பொறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: கரை யாருக்குச் சொந்தம், அதில் வேலை செய்யும் அதிகாரம் யாருக்கு, வேலை செய்தே தீர வேண்டிய கடமை யாருக்கு, பணம் யார் தருவது. புதிதாக இந்த விஷயத்துக்குள் வருபவர்கள் நான்கும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இருப்பது அபூர்வம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கடல் அரிப்பு ஒரு கணக்கு, கடல் வெள்ளம் இன்னொரு கணக்கு. அரிப்பைத் தடுக்கும் வேலைக்கு 1949ஆம் ஆண்டின் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. வெள்ளத் தடுப்பில் பெரும்பங்கு சுற்றுச்சூழல் முகமையிடம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இரு தரப்புக்கும் சட்டம் தந்திருப்பது அதிகாரம்தான், கட்டாயம் கிடையாது. 'செய்யலாம்' என்று இருக்கிறது, 'செய்தே ஆக வேண்டும்' என்று இல்லை. தன் நிலத்தில் உள்ள கரைக்கு நில உடைமையாளர் பொறுப்பாக இருக்கும் இடங்களும் நிறைய. 'அரசு கட்டித்தான் ஆக வேண்டும்' என்று நம்பிக் காத்திருக்கும் ஒருவர், அப்படி ஒரு கடமை யாருக்கும் இல்லை என்பதைக் கரை போன பிறகு தெரிந்துகொள்வது அங்கே சாதாரணம்.

அதே நாட்டில் டாலிஷ் என்ற கடலோர ஊரில் 2014 பிப்ரவரி முதல் வாரத்தில் புயல் அலை சுமார் 80 மீட்டர் கடல் சுவரைப் பிய்த்துப் போட்டது. சுவர்மேல் ஓடிய ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்தச் சுவர் ரயில் பாதை நிறுவனத்துடையது. அதன் ரயில் அதன் மேல்தான் ஓட வேண்டும். எனவே சொத்து, தேவை, பணம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து கல்லும் இடிபாடும் நிரப்பித் தற்காலிக அலைத்தடுப்பாக வரிசையில் வைத்து, அதன் மறைவில் வேலை நடந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி ரயில் ஓடியது. இரண்டே மாதம். அந்த வேகத்துக்குப் பொறியியல் பாதிக் காரணம். 'இது யார் வேலை' என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிராதது மீதிப் பாதி.

உங்கள் ஊர்க் கரைக்கு இந்த நான்கு இழைகளையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். எங்கே பெயர் எழுத முடியாமல் கை நிற்கிறதோ, புயலுக்குப் பிறகு வேலையும் அங்கேதான் நிற்கும்.

மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் போனவர்கள்

இந்தச் சிக்கலோடு மிக நீண்ட காலம் மல்லுக்கு நின்றவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே நீர் வாரியங்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. ஆரம்பத்தில் கரையைத் துண்டு போட்டுப் பங்கு பிரித்திருந்தார்கள்: உன் நிலத்தின் அளவுக்கு ஏற்ப இத்தனை அடி கரை உன்னுடையது, மண் போடுவதும் புல் காப்பதும் உன் வேலை. ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் வாரியத்தார் கரைமேல் நடந்து பார்ப்பார்கள். துண்டு சரியில்லையென்றால் அபராதம். தன் துண்டைக் காக்க வழியில்லாதவர் கரையில் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் போய்விடலாம். அதைப் பிடுங்குபவருக்கு நிலம் சொந்தம். கரையின் சுமையும் அவர் தலையில்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையைத் துண்டு போட்டால் தரமும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். வசதியானவர் களிமண் போட்டார், அடுத்தவர் கையில் கிடைத்த மண்ணைப் போட்டார். ஒருவர் ஓரடி உயர்த்தினார், பக்கத்தவர் விட்டுவிட்டார். கரையின் பலம் அதன் மிகத் தாழ்ந்த துண்டின் பலம்தான் என்பதால் நல்ல துண்டுக்குச் செலவழித்தவரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. படிப்படியாக ஆள் ஆளுக்குத் துண்டு என்ற முறையை விட்டு, எல்லோரிடமும் வரி வாங்கி வாரியமே மொத்தக் கரையையும் பார்க்கும் முறைக்கு மாறினார்கள்.

அதற்குப் பிறகும் வாரியங்களே துண்டு துண்டாகக் கிடந்தன. 1950 வாக்கில் சுமார் 2,600 வாரியங்கள். 1953 பிப்ரவரி 1ஆம் தேதி வடகடல் பொங்கியபோது நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் இறந்தார்கள். நெதர்லாந்தில் பல கரைகள் உடைந்த விதம் கவனிக்கத்தக்கது. அலை முன்பக்கத்தை இடித்துத் தள்ளவில்லை. தண்ணீர் மேலே வழிந்து, ஊர்ப்பக்கச் சரிவை அரித்தது. சரிவு சரிந்ததும் கரை பின்னாலிருந்து மெலிந்து உடைந்தது. ஒன்றரைக்கு ஒன்று என்ற செங்குத்தான உள்சரிவுகள் அவை. இன்று மூன்றுக்கு ஒன்றாகச் சாய்க்கிறார்கள்: ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம். இப்போது வாரியங்கள் 21 மட்டுமே. அவை தங்களுக்கென வரி வாங்குகின்றன, தங்களுக்கெனத் தேர்தல் நடத்துகின்றன. பள்ளிக்கூடமும் சாலைவிளக்கும் அந்தப் பணத்துக்குப் போட்டிக்கு வராது. நீர் வாரியத்தின் மிகப் பெரிய பலமே இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பொது வரவு செலவில் கரைப் பராமரிப்பு எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும், புயல் அடிக்கும் வரை.

ஒட்டுகளில்தான் ஆபத்து

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. அங்கே 17ஆவது தெருக் கால்வாய் என்ற ஒரே கால்வாயில் நான்கு தரப்புகள். கரைச்சுவரை வடிவமைத்தது ராணுவப் பொறியாளர் படை. கிழக்குக் கரையைப் பராமரித்தது ஒரு கரை வாரியம், மேற்குக் கரையை இன்னொரு கரை வாரியம். கால்வாய்க்குள் தண்ணீர் இறைத்து விட்டது நகரின் நீர் மற்றும் வடிகால் வாரியம். கிழக்குச் சுவர் தண்ணீர் உச்சியைத் தொடும் முன்பே தள்ளப்பட்டு விழுந்தது. அடியில் இருந்த மண் மெத்தென்றிருந்தது, சுவருக்கு அடியில் அடித்த இரும்புத் தகடு அதற்கேற்ற ஆழத்துக்கு இறங்கவில்லை.

அதே நகரில் ஒரு ரயில் கடவையில் இருந்த எஃகுக் கதவு, புயலுக்கு முன்பே ரயில் தடம் புரண்டு இடித்ததில் பழுதாகியிருந்தது. புதுக் கதவு வரவில்லை. மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில்வே, கரை வாரியம் என்று இரண்டு தரப்பின் வேலை சந்தித்த இடம் அது. மண்கரை முடிந்து கான்கிரீட் சுவர் தொடங்கும் பல ஒட்டுகளிலும் இதே கதைதான். இரண்டும் வேறு வேறு உயரம், இரண்டும் வேறு வேறு அளவில் மண்ணில் அமுங்கும் தன்மை, நடுவே தண்ணீர் சுழன்று மண்ணை உருவும். புயலுக்குப் பிறகு 2006இல் லூசியானா மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, சிதறிக் கிடந்த கரை வாரியங்களைக் கிழக்கு, மேற்கு என்ற இரண்டு ஆணையங்களுக்குக் கீழ் கொண்டுவந்தார்கள்.

ஆக, கரையைப் பார்க்கப் போகும்போது முதலில் போக வேண்டிய இடம் எல்லைக்கல் இருக்கும் இடம்.

மறுநாள் காலை: என்ன பார்ப்பது

தண்ணீர் இறங்கிய பிறகு, ஓதம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில், குறைந்தது இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் கரைமேல், ஒருவர் அடியில். கையில் அளவு நாடா, பெயின்ட், மரக்குச்சிகள், ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, கேமரா. ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஒரு குறி போட்டு எண் எழுதிக்கொண்டால் அப்புறம் 'அந்த வேப்பமரத்துக்கு அப்பால்' என்று பேச வேண்டியிருக்காது.

குப்பைக்கோட்டைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். கரைச்சரிவிலும் வீட்டுச் சுவரிலும் பாசி, சருகு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். புயலின் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி இல்லை. ஒரு மழை பெய்தால் போய்விடும். பெயின்டால் கோடு இழுத்து, தேதி எழுதி, படம் எடுத்துவிடுங்கள். நாளை நிதி கேட்கும்போதும் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று கணக்கிடும்போதும் இந்தக் கோட்டைத்தான் தேடுவார்கள்.

அடுத்து சுவரின் அடி. புயல் அலை சுவரில் மோதிக் கீழே திரும்பும்போது அடியில் மணலைக் குடைந்தெடுக்கிறது. அந்தக் குழியின் ஆழம் அலையின் உயரம் அளவுக்குக்கூடப் போகும் என்பது ஒரு பழைய கைக்கணக்கு. இதில் ஏமாறுவது சுலபம்: புயல் தணியும்போது அதே குழியை மணல் மறுபடி நிரப்பிவிடும். மறுநாள் காலை கடற்கரை வழக்கம்போல் சமமாக இருக்கும். 'அடித்தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். புதிதாகப் படிந்த மணல் இறுகியிருக்காது. கம்பியைக் குத்திப் பார்த்தால் பழைய மணலில் நிற்கும் கம்பி இங்கே வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். எவ்வளவு ஆழம் அப்படி இறங்குகிறதோ அவ்வளவு ஆழத்துக்குப் புயல் நேரத்தில் சுவருக்கு அடியில் பிடிப்பே இல்லாமல் இருந்தது என்று பொருள். அடித்தளத்தின் விளிம்பு அதற்கு மேலே இருந்தால், சுவர் இன்னும் நிற்பது அதிர்ஷ்டம்.

சுவரின் பின்பக்கம் நடைபாதையைச் சுத்தியலால் தட்டுங்கள். திடமான இடத்தில் சத்தம் 'டக்' என்று அடங்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டினாற்போல் கேட்கும். சுவரின் ஒட்டுகள் வழியாகப் பின்மண் வெளியே உறிஞ்சப்பட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். மேலே கல் பதித்த தளம் அப்படியே இருக்கும், அடியில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி இருக்கும். வண்டி ஏற்றுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விட்டதில் எந்திரமே உள்ளே போன சம்பவங்கள் உண்டு. சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓதம் வேகமாக இறங்கும்போது பின்னால் தேங்கிய நீர் சுவரைக் கடல்பக்கம் தள்ளும். புயலில் தாங்கிய சுவர், புயல் போன பிறகு சாய்வதற்கு இதுதான் காரணம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற கதை.

மண்கரையில் பார்க்க வேண்டியவை வேறு. முகட்டில் நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் சரிவு நழுவத் தொடங்கிவிட்டது. வெடிப்பின் இரு பக்கமும் குச்சி அடித்து இடைவெளியை அளந்து, மறுநாள் மறுபடி அளங்கள். கூடினால் கீழே உள்ளவர்களை அப்புறப்படுத்துவது பற்றி உடனே பேச வேண்டும். உள்சரிவில் புல் பாயைச் சுருட்டியதுபோல் உரிந்திருக்கும் இடங்கள், தண்ணீர் வழிந்த இடங்கள். முயலும் எலியும் நண்டும் போட்ட வளைகள் சின்ன விஷயமாகத் தோன்றும். கரைக்குள் தண்ணீருக்குப் பாதை போட்டுக் கொடுப்பவை அவைதான்.

ஊர்ப்பக்க அடியில் தண்ணீர் கசிகிறதா? கசிவு தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால், அல்லது சின்ன எரிமலைபோல் மணல் குவித்துக்கொண்டு கொப்பளித்தால், கரைக்கு அடியிலிருந்து மண் வெளியேறுகிறது. அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் மணல் மூட்டையால் கிணற்று உறைபோல் வளையம் கட்டி உள்ளே நீர்மட்டத்தை உயர விட வேண்டும்; உள்ளே உயர்ந்த நீரின் எடை எதிர் அழுத்தம் தரும். கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும் உயரத்தில் நிறுத்தி, வழிந்தோட ஒரு வாய் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, குழாய் வாயிலுள்ள ஒருவழிக் கதவு. ஒரு மரத்துண்டு இடுக்கில் சிக்கினால் போதும், கதவு மூடாது. கரை முழுதாக நிற்க, ஊருக்குள் குழாய் வழியாகக் கடல் ஏறிக்கொண்டிருக்கும். மணல் மூடிவிட்டாலோ கதவு திறக்காது. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்கும்.

ஓதத்துக்கு முன் அடைப்பது

உடைப்பு காத்திருக்கக் காத்திருக்கப் பெரிதாகும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே பாயும், இறங்கும்போது வெளியே பாயும். ஒரு நாளில் பல இடங்களில் நான்கு முறை இந்த இழுப்பு, ஒவ்வொரு முறையும் ஓரமும் அடியும் அரிபடும். 1953இல் உடனே அடைக்க முடியாமல் போன ஸ்கெல்ப்ஹூக் என்ற உடைப்பு அரை கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. அதை நேராக அடைக்கவே முடியவில்லை; சுற்றி வளைத்துப் புதுக் கரை போட்டார்கள். அந்த வெள்ளத்தின் கடைசி உடைப்பு அவ்வெர்கெர்க்கில் நவம்பர் 6ஆம் தேதி இரவுதான், மிதக்கவிட்டுக் கொண்டுவந்த ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளால் மூடப்பட்டது. வெள்ளத்தின் இரவிலேயே நியூவெர்கெர்க்கில் ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி தன் சரக்குப் படகையே உடைப்பில் குறுக்காகச் செருகி அடைத்தார். முதல் மணி நேரத்தில் ஒரு படகு செய்த வேலையை ஒன்பது மாதம் கழித்துச் செய்யப் பெரும் படையே வேண்டியிருந்தது.

சிறு உடைப்புக்கும் தாழ்ந்த இடங்களுக்கும் மணல் மூட்டைதான் கைகொடுக்கும். அதிலும் தப்பு செய்ய இடமிருக்கிறது. மூட்டையை முழுதாக நிரப்பி இறுக்கிக் கட்டினால் உருளைபோல் நிற்கும், இடுக்கெல்லாம் தண்ணீர் வரும். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பி, வாயைக் கட்டாமல் அடியில் மடித்து, மிதித்துத் தட்டையாக்க வேண்டும். செங்கல் கட்டுமானம்போல் ஒட்டு மேல் ஒட்டு வராமல் மாற்றி மாற்றி. அடியகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. இந்த மூன்று மடங்குக் கணக்கால்தான் மூட்டை எண்ணிக்கை எகிறுகிறது: நூறடி நீளத்தில் ஓரடி உயர்த்த 600 முதல் 800 மூட்டை என்றால், இரண்டடிக்கு இரண்டாயிரத்தை ஒட்டி வரும். ஆள் கணக்கு போடும்போது உயரம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பெரிய உடைப்பில் இரு முனைகளிலும் முதலில் கல் போட்டு மேலும் அரிக்காமல் கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் நடுவில் கொட்டிக்கொண்டே போனால் இடைவெளி குறுகக் குறுக நீரோட்டம் வேகமாகி, போட்டதையும் ஓரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். கடைசி அடைப்பு ஓதம் ஏறவும் இறங்கவும் செய்யாமல் நிற்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு வைத்துக்கொள்ளப்படுகிறது.

நிரந்தரமாகக் கட்டும்போது

மண்கரைக்கு ஒட்டும் பதமுள்ள களிமண் வேண்டும். வெள்ளத்தில் அடித்து வந்த மணலையும் இடிந்த வீட்டுக் கல்லையும் கொட்டி மேலே மண் மூடுவது அடிக்கடி நடக்கிறது; அடுத்த புயலில் தண்ணீர் போவதற்கு அதுவே வழி. பழைய கரையின் சரிவைப் படிக்கட்டாக வெட்டி, அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் இறுக்க வேண்டும். படிக்கட்டு வெட்டாமல் வழுவழுப்பான சரிவின்மேல் ஒட்டினால் புதுமண் தோல்போல் உரிந்து வரும். களிமண் அதிகம் ஈரமாயிருந்தால் ரோலருக்கு அடியில் மெத்தைபோல் ஆடும். காய்ந்திருந்தால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும். மண் பிறகு அமுங்குவதைக் கணக்கிட்டு, திட்டமிட்ட உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டுவது வழக்கம்.

அப்புறம் புல். புல்லை அழகுக்கு வைத்ததாக நினைப்பவர்கள் உண்டு. வழிந்து வரும் தண்ணீரின் அளவை ஒரு மீட்டர் கரைக்கு நொடிக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அடர்ந்த புல் ஐந்து, பத்து லிட்டரை நன்றாகத் தாங்கும்; வெற்று மண்ணும் திட்டுத்திட்டான புல்லும் ஒரு லிட்டருக்கே அரிக்கத் தொடங்கலாம். விதைத்த புல் அந்த வலிமைக்கு வர இரண்டு பருவமாவது ஆகும், அதுவரை கரை பார்வைக்கு மட்டுமே முழுமை. ஆடு மேய்ந்தால் நல்லது, புல் அடர்த்தியாகும், மண் இறுகும். ஈரத்தில் மாடு ஏறினால் குளம்பு பதிந்த இடமெல்லாம் குழி.

பாறைக்கல் அடுக்கில் எடைதான் எல்லாம். தேவையான கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். ஒரு டன் கல் ஒரு மீட்டர் அலைக்குச் சரியாயிருந்த இடத்தில், இரண்டு மீட்டர் அலை வருமென்றால் எட்டு டன் கல். 'போன முறை போட்ட கல் போய்விட்டது, இந்த முறை இன்னும் நிறையப் போடுவோம்' என்று அதே அளவுக் கல்லைக் கூடுதலாகக் கொட்டுவது கடலுக்குத் தீனி போடுவதுதான். கல்லுக்கு அடியில் சிறு கல் அடுக்கோ ஜியோ டெக்ஸ்டைல் (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிப்போ இல்லாவிட்டால் பின்மண் இடுக்கு வழியாக உறிஞ்சப்பட்டு, கல் ஒன்றும் நகராமலேயே மொத்த அடுக்கும் கீழே இறங்கும்.

பணம் வரும் வழி

உதவி நிதிகள் பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகளோடு வருகின்றன. முன்பிருந்த நிலைக்குத் திருப்பத்தான் பணம், மேம்படுத்த இல்லை. முன்பு ஒழுங்காகப் பராமரித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படையின் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. உள்ளூர் வாரியம் தானே கட்டிய கரை புயலில் சேதமானால் செலவில் 80 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்கிறது, 20 உள்ளூர். ஆனால் அந்தக் கரை புயலுக்கு முன்பே ஆய்வில் தேறித் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். புயலுக்குப் பின் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். புயல் அடித்த பிறகு திட்டத்தில் வந்து சேர முடியாது.

எனவே ஒவ்வொரு ஆண்டும் கரையில் நடந்து எழுதிவைத்த குறிப்பேடு பணத்துக்குச் சமம். புயலுக்கு முந்தைய படம் இல்லாவிட்டால், எந்த வெடிப்பு பழையது எந்த வெடிப்பு புயலால் வந்தது என்று காட்ட வழியில்லை. 'ஏற்கனவே சீரழிந்திருந்தது' என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். அவசர வேலைக்குச் செலவான ஆள், எந்திரம், கல், மூட்டை எல்லாவற்றுக்கும் தேதியும் இடமும் எழுதின சீட்டு அன்றன்றே வேண்டும். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் செல்லாது.

'முன்பிருந்த நிலைக்கு' என்ற நிபந்தனையைத்தான் நாங்கள் அதிகம் குறை சொல்வோம். தாழ்வாக இருந்ததால் உடைந்த கரையை அதே தாழ்வோடு கட்டப் பணம் தருவது விசித்திரம். உயர்த்துவதற்கான கூடுதல் செலவை மட்டும் தனியே பிரித்து உள்ளூர் நிதியிலிருந்து சேர்க்க அனுமதி கேட்டால், பல இடங்களில் வழி பிறக்கிறது. அதை வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டும்.

அதே இடத்திலேயே கட்ட வேண்டுமா

சில கரைகளை மறுபடி அதே கோட்டில் கட்டக் கூடாது. இங்கிலாந்தின் மெட்மெரியில் கூழாங்கல் கரையை ஒவ்வொரு குளிர்காலமும் எந்திரம் வைத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் அது உடைந்து வெள்ளம் வந்தது. பிறகு ஊர்ப்பக்கம் இரண்டு கிலோமீட்டர் வரை பின்வாங்கி 7 கிலோமீட்டர் புதுக் களிமண் கரை கட்டி, 2013 செப்டம்பரில் பழைய கரையைத் தாங்களே வெட்டித் திறந்துவிட்டார்கள். நடுவே உருவான உவர்ச் சதுப்பு அலையைக் களைக்கச் செய்கிறது, புதுக் கரைக்கு வலு குறைந்த அலைதான் வந்து சேர்கிறது. இழந்தது விளைநிலம். அந்த இழப்பு யார் தலையில் என்ற பேச்சுதான் இதில் கடினம், மண் வேலை எளிது.

சுவர் கட்டினால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்பதும் இதில் சேரும். கரையோடு ஓடும் மணலை ஓரிடத்தில் நிறுத்தினால் அடுத்த இடம் பட்டினி கிடக்கும். அங்கே அரிப்பு கூடும். சுவரின் முனையில் அலை வளைந்து பக்கத்து மணலைக் குடைவதையும் எங்கும் பார்க்கலாம். எனவே அவசர வேலையைத் தவிர மற்றதற்கு இரு பக்கத்து ஊர்களோடும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும்.

அந்த உட்காரலில் முடிக்க வேண்டிய வேலை சிறியது. இரண்டு பொறுப்புகள் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும், இரு பக்கமும் 50 மீட்டரை இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை நடந்து பார்ப்பது. முகட்டின் உயரம் இரு பக்கமும் ஒரே அளவுகோலில் எத்தனை என்று எழுதுவது. அங்கே கதவோ பலகையோ இருந்தால் எச்சரிக்கை வந்ததும் மூடுவது யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், சாவி எந்தச் சுவரில் தொங்குகிறது என்று பெயரோடு எழுதுவது. பலகைகளை ஒரு முறை உண்மையிலேயே செருகிப் பாருங்கள். பத்தாண்டு கொட்டகையில் கிடந்த பலகை வீங்கியிருக்கும், ரப்பர் விளிம்பு காய்ந்து நொறுங்கும், பள்ளத்தில் மணல் இறுகிக் கிடக்கும். மணலைச் சுரண்டி எடுக்க ஒரு கொத்துக்கரண்டியைச் சாவியின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.